பொதுச் சுகாதாரப் பேராசிரியர் நியமனம்: விளம்பரத்துக்கு முன்பே எழுத்தில் முடிக்க வேண்டியவை

கேள்வி இது: ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் எம்.பி.எச். என்னும் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பைத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பொதுச் சுகாதாரத் துறைக்கு ஒரே ஒரு பேராசிரியர் பணியிடம். முதல் விளம்பரம் 'தகுதியானவர் எவருமில்லை' என்று முடிந்தது. இரண்டாவதில் நிராகரிக்கப்பட்ட ஒருவர் நீதிமன்றம் போனதால் தடை. மூன்றாவது முறை எதை மாற்றிச் செய்வது?

ஆள் கிடைக்காதது இதற்குக் காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். தகுதியான ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும்படி விளம்பரம் எழுதப்படுகிறது. வேதியியலுக்கோ வரலாற்றுக்கோ எழுதும் அதே வாசகத்தைப் பொதுச் சுகாதாரத்துக்கும் படியெடுத்துப் போட்டால் அப்படித்தான் ஆகும். இந்தத் துறைக்குள் மருத்துவர், புள்ளியியலாளர், சமூகவியலாளர், மக்கள்தொகை ஆய்வாளர், பொருளாதாரம் படித்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். இவர்களில் யார் உங்களுக்குத் 'தொடர்புடைய துறை' என்பதை விண்ணப்பங்கள் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். வந்தபின் முடிவு செய்தால் அது நேர்மையாகவே செய்யப்பட்டிருந்தாலும் யாரோ ஒருவருக்காகச் செய்ததாகத்தான் தெரியும்.

முதலில் உங்கள் துறை எந்தப் புலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மருத்துவப் புலம் என்றால் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி பொருந்தாது, சுகாதார அமைச்சகத்தின் வழிவரும் விதிகள்தான். மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையில் அளவுகோல் எம்.டி. பட்டமும் இணைப் பேராசிரியராக இருந்த ஆண்டுகளும். முனைவர் பட்டம் அங்கே கேட்கப்படுவதில்லை. அறிவியல் புலத்திலோ சமூக அறிவியல் புலத்திலோ இருக்கும் எம்.பி.எச். துறைக்கு யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறைகள். அங்கே முனைவர் பட்டம் இல்லாமல் பேராசிரியர் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இதனால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. இருபது ஆண்டு சமுதாய மருத்துவம் சொல்லிக்கொடுத்த எம்.டி. உங்களிடம் தகுதியற்றவர் ஆகிறார். முனைவர் பட்டம் பெற்ற நல்ல நோய்ப்பரவலியல் ஆய்வாளர் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஆக முடிவதில்லை. 'எம்.டி. அல்லது முனைவர்' என்று விளம்பரத்தில் போட்டுச் சமாளிக்கலாம் என்று சில பதிவாளர் அலுவலகங்கள் நினைப்பதுண்டு. விதியில் இல்லாத தளர்வை விளம்பரத்தால் கொடுக்க முடியாது. அப்படிக் கொடுத்த நியமனம் தணிக்கையிலோ வழக்கிலோ விழும்.

2018 விதியில் பேராசிரியருக்கு இரண்டு வழி உண்டு. முதல் வழி: தொடர்புடைய அல்லது சார்ந்த துறையில் முனைவர் பட்டம், சக ஆய்வாளர் மதிப்பீடு பெற்ற அல்லது யு.ஜி.சி. பட்டியலிட்ட இதழ்களில் குறைந்தது 10 கட்டுரைகள், இரண்டாம் பின்னிணைப்பின் 2-ஆம் அட்டவணைப்படி 120 ஆராய்ச்சி மதிப்பெண், உதவிப் பேராசிரியர் நிலை முதல் 10 ஆண்டு கற்பித்தல் அனுபவம் அல்லது அதற்கு இணையான நிலையில் பல்கலைக்கழகம், தேசிய நிறுவனங்களில் ஆராய்ச்சி அனுபவம், முனைவர் மாணவரை வெற்றிகரமாக வழிநடத்திய சான்று. இரண்டாம் வழி: முனைவர் பட்டமும் 10 ஆண்டு அனுபவமும் உள்ள, துறைக்குக் குறிப்பிடத்தக்க பங்களித்த தொழில்முறை வல்லுநர். நுழைவு ஊதியம் கல்வி நிலை 14, ரூ.1,44,200. பல விளம்பரங்கள் முதல் வழியை மட்டும் அச்சிட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றன. பொதுச் சுகாதாரத்தில் அது பெரிய இழப்பு. மாநில சுகாதாரத் துறையிலும் சர்வதேச அமைப்புகளிலும் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டம் முடித்தவர்கள் அந்த வழியாகத்தான் வர முடியும்.

2025 ஜனவரியில் யு.ஜி.சி. புதிய வரைவு ஒன்றை வெளியிட்டது. அந்த வரைவில் இந்த மதிப்பெண் கணக்கே கைவிடப்பட்டிருந்தது. ஆகவே விளம்பரம் கொடுக்கும் நாளில் அரசிதழில் நடப்பில் இருக்கும் விதி எது, மாநில அரசு அதை ஏற்ற அரசாணை எது என்று எண், தேதியோடு விளம்பரத்திலேயே குறிப்பிடுங்கள்.

இப்போது 'தொடர்புடைய துறை'. 'பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம்' என்று மட்டும் போட்டால் யாரெல்லாம் வெளியே போகிறார்கள் என்று பாருங்கள். மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம்தான் தேசியக் குடும்பநல ஆய்வுகளை நடத்துகிறது. அங்கே முனைவர் பட்டம் வாங்கியவரின் சான்றிதழில் மக்கள்தொகை என்றுதான் இருக்கும். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவம், சமுதாயச் சுகாதார மையம் இருப்பது சமூக அறிவியல் புலத்தில். உயிரிப் புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கிக் காசநோய்த் திட்டத்திலேயே காலம் கழித்தவரின் சான்றிதழில் புள்ளியியல் என்றிருக்கும். உங்கள் எம்.பி.எச். பாடத்திட்டத்தின் தூண்கள் நோய்ப்பரவலியல், உயிரிப் புள்ளியியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதாரக் கொள்கையும் மேலாண்மையும், சமூக நடத்தை அறிவியல் என்று ஐந்து. பட்டியல் அந்த ஐந்தையும் தழுவி இருக்க வேண்டும்.

அதே சமயம் 'அறிவியலில் ஏதேனும் ஒரு துறை' என்று திறந்துவிட்டாலும் ஆபத்து. நுண்ணுயிரியல் முனைவர்கள் நூற்றுக்கணக்கில் வருவார்கள். ஆய்வகத்தை விட்டு வெளியே வராத ஒருவர் மதிப்பெண்ணில் எல்லாரையும் தாண்டிவிடுவார். இதற்கு நல்ல வழி இரண்டு நிபந்தனைகளைச் சேர்ப்பது: முனைவர் பட்டம் பட்டியலில் உள்ள துறையில் இருக்க வேண்டும், கூடவே ஆய்வேட்டுத் தலைப்போ குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கட்டுரைகளோ மக்கள்தொகை அளவிலான சுகாதாரம் பற்றி இருக்க வேண்டும். இந்தப் பட்டியலைப் பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, ஆட்சிக்குழு மூன்றிலும் தீர்மானமாக நிறைவேற்றி, தீர்மான எண்ணை விளம்பரத்தில் போடுங்கள். 'சார்ந்த துறையா என்பதைத் தேர்வுக் குழு முடிவு செய்யும்' என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். வழக்குகள் முளைப்பது அந்த வரியில்தான்.

அடுத்தது மதிப்பெண் கணக்கு. வெளியில் தெரியாத குழப்பம் இங்கேதான் அதிகம். அறிவியல், மருத்துவத் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 8 மதிப்பெண்; சமூக அறிவியலில் 10. பொதுச் சுகாதாரம் எதில் சேரும் என்று அட்டவணை சொல்வதில்லை. அதன் மேல் இதழின் தாக்கக் காரணிக்கு (அதன் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) மதிப்பெண்: காரணி இல்லாத மதிப்பீட்டு இதழுக்கு 5, 1-க்குக் கீழ் 10, 1 முதல் 2 வரை 15, 2 முதல் 5 வரை 20, 5 முதல் 10 வரை 25, அதற்கு மேல் 30. இந்த மதிப்பெண் அந்த 8 அல்லது 10-உடன் கூட்டப்பட வேண்டியதா, அதற்குப் பதிலாக வருவதா? கூட்டுவதே விதியின் வாசகத்துக்குப் பொருந்துகிறது என்பது என் கருத்து. எல்லாப் பல்கலைக்கழகங்களும் அப்படிச் செய்வதில்லை. இரண்டு பேர் எழுதியிருந்தால் ஆளுக்கு 70 சதவீதம். இரண்டுக்கு மேல் என்றால் முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ (கட்டுரை பற்றிய கடிதத் தொடர்புக்குப் பொறுப்பானவர்) 70 சதவீதம், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30 சதவீதம்.

ஒரு விண்ணப்பத்தை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். 11 கட்டுரைகள், எல்லாம் தாக்கக் காரணி 2-க்கும் 5-க்கும் இடைப்பட்ட இதழ்களில், எல்லாவற்றிலும் பத்துப் பதினைந்து ஆசிரியர்கள். மூன்றில் இவர் முதல் ஆசிரியர், எட்டில் நடுவில் ஒருவர். ஒரு மாணவருக்கு முனைவர் பட்டம் வாங்கித் தந்திருக்கிறார், அதற்கு 10. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஒரு திட்டத்தைத் தனி முதன்மை ஆய்வாளராக முடித்திருக்கிறார், அதற்கு 10. கூட்டும் முறையில் ஒரு கட்டுரையின் மதிப்பு 8+20=28; முதல் ஆசிரியராக 19.6, நடுவில் 8.4. மொத்தம் 58.8+67.2+20=146. பதிலாக எடுக்கும் முறையில் கட்டுரை மதிப்பு 20; 14, 6 என்று பிரிந்து 42+48+20=110. அதே ஆள், அதே கோப்பு. ஒரு கணக்கில் 120-ஐத் தாண்டுகிறார், இன்னொன்றில் எட்டவில்லை. விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஸ்க்ரூட்டினி குழு உட்கார்ந்த பிறகு இதை முடிவு செய்தால், 146 வாங்கி உள்ளே வந்தவருக்கு எதிராக ஒருவரும், 110 வாங்கி வெளியே போனவர் தனக்காகவும் வழக்குப் போடுவார்கள். விளம்பரத்தோடு ஒரு மாதிரிக் கணக்குத் தாளை வெளியிடுங்கள். இரண்டு பக்கத் தாள், இரண்டு ஆண்டு வழக்கைத் தவிர்க்கும்.

பல மையங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வு இந்தத் துறையில் சாதாரணம் என்பதால் 30 சதவீத விதி பொதுச் சுகாதாரக்காரர்களை மற்றவர்களைவிட அதிகம் பாதிக்கிறது. மூத்த ஆய்வாளர் பெயர் கடைசியில் இருக்கும். தொடர்பு ஆசிரியராகக் குறிப்பிடப்படாவிட்டால் அவருக்கும் 30தான். விதியை மாற்ற உங்களால் முடியாது. தொடர்பு ஆசிரியர் யார் என்பதைக் கட்டுரையின் முதல் பக்கத்தை வைத்துச் சரிபார்க்கச் சொல்லலாம். இணையத் தரவுத்தளம் காட்டும் வரிசையை மட்டும் நம்பினால் மதிப்பெண் தவறும். இன்னும் இரண்டு நிபந்தனைகள் அடிக்கடி மறக்கப்படுகின்றன. மதிப்பெண் அட்டவணையின் ஆறு வகைகளில் குறைந்தது மூன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். கொள்கை ஆவணத்துக்கும் அழைப்புச் சொற்பொழிவுகளுக்கும் சேர்த்து மொத்தத்தில் 30 சதவீதம்தான் உச்சவரம்பு. அரசுக்கு நிறையக் கொள்கை அறிக்கை எழுதியவர்கள் கடைசியில் சறுக்குவது இதில்தான். மாநில அளவு ஆவணத்துக்கு 4, தேசிய அளவுக்கு 7, சர்வதேச அளவுக்கு 10 என்று கொடுத்தாலும் உச்சவரம்பு வந்து வெட்டிவிடும்.

இதழ்ப் பட்டியலும் இப்போது சிக்கல். யு.ஜி.சி. தான் ஏற்ற இதழ்களின் 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. போலி இதழ்களை எப்படி ஒதுக்குவீர்கள் என்பதை நீங்களே வரையறுத்தாக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தரவுத்தளங்களில் சிலவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, கட்டுரை வெளியான ஆண்டில் அந்த இதழ் அதில் இருந்ததா என்று பார்ப்பது நியாயம். இன்றைய நிலையை வைத்துப் பழைய கட்டுரையைத் தள்ளுவது நியாயமல்ல.

அனுபவக் கணக்கு இன்னொரு பள்ளம். உங்களுக்கு வரும் நல்ல விண்ணப்பங்களில் பாதி ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிறுவனங்களிலிருந்து இருக்கலாம். அங்கே விஞ்ஞானி-பி பதவிக்கு ஊதிய நிலை 10, ஆரம்ப ஊதியம் ரூ.56,100. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் கல்வி நிலை 10, ரூ.57,700. விஞ்ஞானி-சி நிலை 11, ரூ.67,700. விஞ்ஞானி-பி காலத்தை 'இணையான நிலை' என்று எண்ணுவீர்களா? எண்ணினால் 10 ஆண்டு நிறைகிறது, எண்ணாவிட்டால் குறைகிறது என்ற நிலையில் பலர் நிற்பார்கள். என் யோசனை, அதை ஏற்கலாம். வேலையின் தன்மை அதுதான், நுழைவுத் தகுதியும் ஏறத்தாழ ஒன்றே. எதைத் தேர்ந்தாலும் தீர்மானத்தில் எழுதுங்கள்.

ஒப்பந்த ஊழியம் அதைவிடச் சிக்கலானது. பொதுச் சுகாதார ஆய்வு பெரும்பாலும் திட்ட நிதியில் ஓடுவதால் ஐந்து, ஆறு ஆண்டு ஒப்பந்தக்காரராக இருந்தவர்கள் நிறைய. உரிய தகுதியோடு, முறையாக அமைந்த தேர்வுக் குழுவின் பரிந்துரையில் நியமிக்கப்பட்டு, மாத மொத்த ஊதியம் நிரந்தர ஆசிரியரின் மொத்த ஊதியத்துக்குக் குறையாமல் இருந்தால் அந்தக் காலத்தை விதி ஏற்கிறது. விண்ணப்பதாரர்கள் வாங்கி வரும் அனுபவச் சான்றிதழில் இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது, 'இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை பணிபுரிந்தார்' என்று இருக்கும். ஆகவே சான்றிதழின் படிவத்தையே விளம்பரத்தோடு கொடுத்துவிடுங்கள்: பதவி, ஊதிய நிலை அல்லது மாத மொத்த ஊதியம், தேர்வுக் குழு நடந்த தேதி, முழுநேரமா என்ற நான்கு வரி போதும். முனைவர் பட்டத்துக்காக விடுப்பில் இருந்த காலம் அனுபவமாகாது. விடுப்பு எடுக்காமல் பாடம் நடத்திக்கொண்டே படித்த காலம் ஆகும். அதற்கும் ஒரு வரி சேர்க்கலாம்.

முனைவர் மாணவரை வழிநடத்திய சான்று, ஆராய்ச்சி அனுபவத்தில் வருபவருக்கு மட்டுமா, கற்பித்தல் அனுபவத்தில் வருபவருக்குமா என்பது விதி வாசகத்தில் தெளிவாக இல்லை. மாணவருக்குப் பட்டம் கிடைத்திருக்க வேண்டுமா, ஆய்வேடு சமர்ப்பித்தால் போதுமா என்ற கேள்வியும் உண்டு. இணை வழிகாட்டியாக இருந்ததை ஏற்பதாகச் சொல்லிவிடுங்கள். தேசிய நிறுவன விஞ்ஞானிகள் பலருக்கு அந்த வாய்ப்பு மட்டுமே கிடைத்திருக்கும்.

இடஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை உங்கள் நிர்வாகப் பிரிவு அறிந்திருக்கும். அந்தச் சுழற்சிப் பட்டியலான ரோஸ்டரில் இந்தப் பணியிடம் எந்தப் புள்ளியில் விழுகிறது என்பதைத் தொடர்பு அலுவலர் கையெழுத்தோடு கோப்பில் வையுங்கள். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் 2019 சட்டப்படி முழுப் பல்கலைக்கழகமும் ஓர் அலகு, துறை அல்ல. ஒரே பணியிடமுள்ள துறையில் இந்தக் கணக்கு தவறினால் மொத்த நியமனமும் போகும்.

தேர்வுக் குழுவுக்கு வருவோம். துணைவேந்தர் தலைவர், வேந்தர் நியமிக்கும் கல்வியாளர் ஒருவர், சட்டபூர்வக் குழு ஒப்புதல் தந்த பட்டியலிலிருந்து துணைவேந்தர் நியமிக்கும் துறை வல்லுநர் மூவர், புலத் தலைவர், துறைத் தலைவர், தேவைப்படும்போது பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் சார்பில் ஒரு கல்வியாளர். நால்வர் இருந்தால் கூட்டம் செல்லும், அதில் இருவர் வெளி வல்லுநராக இருக்க வேண்டும். மூன்று வல்லுநரும் சமுதாய மருத்துவ எம்.டி.க்களாக இருந்தால் சமூக அறிவியலிலிருந்து வருபவரின் வேலையை எடைபோட அறையில் ஆள் இருக்காது. மூவரும் புள்ளியியலாளர் என்றாலும் அதே குறை. நோய்ப்பரவலியலில் ஒருவர், கொள்கை அல்லது சமூக அறிவியலில் ஒருவர், மூன்றாமவர் நீங்கள் வளர்க்க விரும்பும் பிரிவில் ஒருவர் என்று அமைப்பது நல்லது. பட்டியலில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கட்டும். இத்துறை சின்ன உலகம். வழிகாட்டியாக இருந்தவர், அண்மை ஐந்து ஆண்டில் சேர்ந்து எழுதியவர், ஒரே திட்டத்தில் நிதி பெறுபவர் ஆகியோரை விலக்கினால் பாதிப் பட்டியல் காலியாகிவிடும். ஐம்பது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இருவர் பெயரும் இருப்பதை மட்டும் விலக்கலுக்குக் காரணமாக்க வேண்டாம். அதை உறுதிமொழியில் தெரிவித்தால் போதும்.

விளம்பரத்தை நாளிதழில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., மேலே சொன்ன மும்பை, டெல்லி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் துறைத் தலைவர் கையெழுத்தில் அனுப்புங்கள். குறைந்தது 45 நாள் அவகாசம் கொடுங்கள். அரசு நிறுவனத்தில் இருப்பவருக்குத் தடையின்மைச் சான்று வாங்கவே மாதக் கணக்காகும். சான்று நேர்காணலன்று தந்தால் போதும் என்று சொன்னால் இன்னும் பலர் விண்ணப்பிப்பார்கள்.

நேர்காணலைப் பொதுவான கேள்விகளில் வீணாக்க வேண்டாம். 20 நிமிட வகுப்பு ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். எடுத்துக்காட்டாக, தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் சிசேரியன் விகிதம் நான்காவது சுற்றில் 34.1 சதவீதம், ஐந்தாவதில் 44.9, ஐந்தாவது சுற்றில் தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36.0. இந்த நான்கு எண்களைக் கொடுத்து, முதல் பருவ எம்.பி.எச். மாணவர்களுக்கு, அதாவது பல் மருத்துவரும் செவிலியரும் சமூகப்பணி படித்தவரும் கலந்த வகுப்புக்குப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். திறமையானவர் முதலில், இந்த விகிதத்தை வகுக்கும் எண் எது (எந்தப் பிறப்புகளில் இத்தனை சதவீதம்) என்று கேட்பார்: ஆய்வுக்கு முந்தைய ஐந்தாண்டுப் பிறப்புகள் என்பதால் இது ஆய்வு நடந்த ஆண்டின் நிலை அல்ல. பிறகு தனியாருக்கும் அரசுக்கும் போகும் தாய்மார்கள் வேறு வேறு மாதிரியானவர்கள், சிக்கலான பிரசவங்கள் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்படுகின்றன, ஆகவே நேரடி ஒப்பீடு எங்கே தவறும் என்று போவார். களப்பணி ஊரடங்குக்கு முன்னும் பின்னும் என இரண்டாகப் பிரிந்து நடந்ததைச் சிலர் சொல்லக்கூடும். எண்களைப் படித்துவிட்டுத் தனியார் மருத்துவமனைகளைத் திட்டுவதோடு நிறுத்துபவர் பொதுக்கூட்டத்தில் பேசலாம். முனைவர் மாணவரை வழிநடத்த அது போதாது. எல்லா வேட்பாளருக்கும் ஒரே தாள், ஒரே ஆயத்த நேரம். மதிப்பீட்டுப் படிவமும் எடைகளும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தேர்வு தொடங்கிய பிறகு விதியை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2024 நவம்பரில் தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கில் மீண்டும் உறுதி செய்திருக்கிறது. கூட்டம் முடியும் நாளிலேயே நடவடிக்கைக் குறிப்பு, தகுதி வரிசை, காத்திருப்போர் பட்டியல் மூன்றிலும் எல்லா உறுப்பினரும் கையெழுத்திட வேண்டும்.

நீங்கள் வேட்பாளரைச் சோதிப்பதுபோல அவரும் உங்களைச் சோதிப்பார். நல்லவர்கள் கேட்பது சம்பளத்தை அல்ல. களப் பயிற்சிப் பகுதி உண்டா, பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரகத்தோடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் உண்டா, நெறிமுறைக் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையிடம் பதிவாகியிருக்கிறதா, வெளிநாட்டு நிதி வாங்கப் பல்கலைக்கழகத்துக்கு உரிமம் உண்டா என்று கேட்பார்கள். நெறிமுறைக் குழு பதிவு இல்லையென்றால் அவர் கையிலிருக்கும் திட்டத்தை உங்களிடம் மாற்றிக்கொண்டு வர வழியில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே மறுத்துவிடுவார். விளம்பரத்துக்கு முன்பே இவற்றை முடித்துவிட்டு, ஒரு பக்கத் துறைக் குறிப்பாக விண்ணப்பப் படிவத்தோடு வையுங்கள். மத்திய அரசு மருத்துவ நிறுவனத்திலிருந்து வரும் மருத்துவருக்கு அங்கே கிடைக்கும் 20 சதவீதத் தனித்தொழில் தவிர்ப்புப் படி (தனியே மருத்துவம் பார்க்காததற்கு ஈடாகத் தரப்படுவது) உங்களிடம் கிடைக்காது என்பதையும் நேர்காணலுக்கு முன்பே தெரிவித்துவிடுவது முறை. சேர்ந்தபின் தெரிந்துகொண்டு ஆறு மாதத்தில் திரும்பிப் போனால் பணியிடம் மறுபடி காலி.

இவ்வளவுக்குப் பிறகும் பொருத்தமானவர் கிடைக்காவிட்டால் தகுதியைக் குறைத்து ஒருவரை உட்கார வைக்காதீர்கள். அவர் இருபது ஆண்டு இருப்பார். இணைப் பேராசிரியர் பணியிடத்தை முதலில் நிரப்புங்கள். இடைக்காலத்துக்கு யு.ஜி.சி. 2022-இல் கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் (புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்) வழியைப் பயன்படுத்தலாம்: 15 ஆண்டு அனுபவம் போதும், முனைவர் பட்டம் வேண்டாம், மூன்று ஆண்டு வரை, விதிவிலக்காக இன்னும் ஓராண்டு. மாவட்டச் சுகாதாரத் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் கொள்ளைநோய் விசாரணையைப் பற்றிச் சொல்லித் தருவதை வேறு யாராலும் தர முடியாது. ஆனால் பணியிலிருக்கும் அல்லது ஓய்வு பெற்ற ஆசிரியர்களை இந்த வழியில் எடுக்கக் கூடாது. இது அனுமதிக்கப்பட்ட பேராசிரியர் பணியிடத்தை நிரப்பியதாகவும் ஆகாது. மூன்றாவது விளம்பரத்தின் கோப்பை மூடிவிடாமல் அந்தக் காலத்திலேயே நான்காவதுக்கான தீர்மானங்களைத் தொடங்குங்கள்.